பிரியாத புகை

விழுந்த விமானத்தின் இறக்கையைப் போலவே செய்த மாதிரி, காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் நகோயா காற்றுக்கூடத்தில் நின்றது. காற்றோடு விடும் புகை இறக்கையை விட்டுப் பிரிந்தால் குற்றம் இறக்கை மீது. ஒட்டியே போனால் விமானி மீது. கேமரா என் பொறுப்பு.

"இன்னும் தூக்கும்மா," என்றார் இறக்கையை வடிவமைத்த குராமோச்சி.

இறக்கையின் முன்விளிம்பைத் தூக்கினோம். லேசர் ஒளியில் புகை ஒட்டியே வழுக்கிப் போனது.

"இன்னும்!"

"விழுந்தப்ப இருந்த கோணத்தையே தாண்டியாச்சு சார். உங்க இறக்கை தப்பிச்சிடுச்சு!"

எல்லோரும் கைதட்டினோம். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"சின்னதா ஒரு சுழல்கூடத் தெரியலையாம்மா?"

"இல்ல சார். தப்பு அந்த விமானி ஹிராயாமா மேலதான்."

"ஹிராயாமாங்கறது அவ புகுந்த வீட்டுப் பேரு," என்றார் குராமோச்சி. "அவ என் பொண்ணும்மா."