ஆறு கட்டில்

"இன்னுமா ஸ்டார்ட் ஆகலை? உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?"

மேனேஜர் கத்திய கத்தில் கம்பெனியே வாசலுக்கு வந்துவிட்டது. வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி ஒரு கொட்டாவி விட்டார். சும்மாவா அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள்?

காலையில் எல்லாம் பிரமாதமாகத்தான் நடந்தது. தொழிலாளர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டிலிருந்து ஆறு பேர் வந்து இறங்கினார்கள். வாசலில் 'வருக, இனி நாம் ஒரே குடும்பம்' என்று பேனர். ஆளுக்கொரு பூங்கொத்து. பத்துப் பதினைந்து போட்டோ.

அவர்கள் தங்கப்போகிற மாடி அறைகளைத் திட்டத்தின் அதிகாரியம்மா நேரில் பார்த்தார். ஆறு கட்டில், ஆறு மெத்தை, வெள்ளை வெளேரென்று விரிப்பு. மேனேஜர் ஒரு மெத்தையை அழுத்திக் காட்டினார்.

"என் பிள்ளைக்குக்கூட நான் இப்படி வாங்கிக் குடுத்ததில்லை மேடம்."

அது உண்மைதான். இவர்களுக்கும் அவர் வாங்கவில்லை. அத்தனையும் கம்பெனியின் விருந்தினர் மாளிகையிலிருந்து அரை நாளுக்கு வந்தவை.

அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை மேனேஜர் பல் தெரியக் கையசைத்தார். திரும்பியதும் பல் மறைந்தது.

"ம்... எல்லாத்தையும் கீழ இறக்கி வேன்ல ஏத்துங்க. சாயங்காலத்துக்குள்ள மாளிகைக்குப் போயாகணும்."

புதிதாக வந்தவர்களில் ஓர் இளைஞன், படித்துக்கொண்டு வந்த தமிழில் நிதானமாகக் கேட்டான்.

"சார், நாங்கள் எதில் தூங்குவோம்?"

"பாய் இருக்கு தம்பி. தரையில படுத்தா முதுகுக்கு நல்லது. டாக்டருங்களே சொல்றாங்க."

முதல் கட்டில் படியிறங்கும்போதுதான் வேன் மக்கர் பண்ணியது.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு?"

"காலையில ஓடிச்சுங்க. இப்ப ஓடலை," என்றார் டிரைவர். "வேணும்னா வாடகை வண்டி பிடிக்கட்டுங்களா?"

"பிடிச்சு? வாடகை பில்லைப் பாத்துட்டு, கட்டில் எங்கேர்ந்து எங்கே போச்சுன்னு மேலிடத்துல கேட்டா உங்கப்பன் வந்து பதில் சொல்வானா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உடம்பு வணங்கலை. பழி வண்டி மேல," என்றார் வாட்ச்மேன்.

"வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம மானத்தை வாங்கறான்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

மேனேஜருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "தம்பி, நீ உங்க ஊர்ல எட்டு வருஷம் மெக்கானிக்கா இருந்தவனாமே? கொஞ்சம் என்னன்னு பாரு."

அன்றைக்கு முதல்முறையாக டிரைவர் சுறுசுறுப்பானார். சீட்டிலிருந்து குதித்து வந்தார்.

"வேணாம் தம்பி. பழைய வண்டி. உனக்குப் பிடிபடாது."

"தெரிஞ்சவன் பாக்கறான், நீ தள்ளு," என்றார் மேனேஜர்.

இளைஞன் பானெட்டைத் திறந்து குனிந்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்தான். டிரைவரைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் பாதியில் நிற்கும் கட்டிலையும், அதைத் தூக்கிக்கொண்டு நின்ற தன் ஊர்க்காரர்களையும் ஒரு நிமிடம் பார்த்தான். பானெட்டை மெல்ல மூடினான்.

"சார், பெரிய ரிப்பேர். எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகும்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வெளிநாட்டு மெக்கானிக் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

"இந்தத் தூங்குமூஞ்சி கையில மாட்டினா எந்த வண்டிதான் உருப்படும்? கட்டில் இங்கேயே கிடந்து தொலையட்டும். கரையான் அரிச்சுடுச்சுன்னு எழுதி மாளிகைக்குப் புதுசு கேட்டுக்கறேன்."

அவர் உள்ளே போனார். வேடிக்கை முடிந்ததென்று கூட்டமும் டிரைவரைத் திட்டிக்கொண்டே கலைந்தது. மாடிப்படியில் கட்டில் மறுபடி மேலே ஏறியது.

இளைஞன் டிரைவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அண்ணா, ஃபியூஸை வேறு பையில் வையுங்கள். சட்டை மெல்லியது. வெளியே தெரிகிறது."