பேனா நின்ற இடம்

"ஆர் ஆரைப் பார்த்து எழுதினது? உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளையள்."

கனகரட்ணம் வாத்தியார் இரண்டு கட்டுரைகளையும் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தார். 'எங்கள் தோட்டத்தின் காலை' என்ற தலைப்பு தொடங்கி கடைசிப் புள்ளி வரைக்கும் இரண்டும் ஒன்றுதான். கையெழுத்து மட்டும் வேறு.

"நான்தான் எழுதினனான் சேர்" என்றாள் சந்திராதேவி. சுங்கை ஊடாங் பக்க ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள்.

"நான்தான் சார் எழுதுனேன்" என்றாள் ஜெயமணி. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் இருசம்மாளின் மகள்.

மலாக்கா டவுன் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டி அது; கட்டுரையைப் பள்ளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முதல் பரிசு, அடுத்த வருடப் பள்ளிக் கட்டணம். கிராணி வீட்டுக்கு அது ஒரு பெருமை. இருசம்மாள் வீட்டுக்கு அதுதான் படிப்பே. கிடைக்காவிட்டால் ஜெயமணியும் அம்மாவோடு மரம் வெட்டப் போக வேண்டியதுதான். பார்த்து எழுதியவள் என்று பெயர் எடுத்துவிட்டாலோ, இந்தப் பள்ளிப் பக்கமே தலைகாட்ட முடியாது.

தலைமையாசிரியர் அம்பிகைபாகன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். சந்திராதேவியின் கட்டுரை கெடு நாளன்றே வந்துவிட்டது. ஜெயமணியுடையது மறுநாள்தான் வந்தது. முந்தி வந்தது அசல், பிந்தி வந்தது நகல். அவர் கணக்கு அவ்வளவுதான்.

ஜெயமணி பிந்தியதற்குக் காரணம் இருந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலமல்லவா? காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக் கேட்டில் வரிசையாக நிறுத்தி, பை, வாளி, கொண்டை வரை தடவிப் பார்த்து அனுப்புவதற்குள் டவுன் பஸ் போய்விட்டது. கிராணியின் காரை யார் அப்படித் தடவப் போகிறார்கள்?

சனிக்கிழமை சந்திராதேவி கட்டுரையை இரவல் வாங்கிப் போனதை ஜெயமணி சொல்லிப் பார்த்தாள். சந்திராதேவி இல்லவே இல்லை என்றாள். சாட்சிக்கு ஆளில்லை.

கனகரட்ணம் கட்டுரையை இன்னொரு தடவை படித்தார். நல்ல கட்டுரை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் குரல் கேட்டது, மரங்களுக்கிடையே பனி நின்றது, கோப்பையில் பால் சொட்டியது. வேலை நடுவே அம்மா மரத்தடியில் சாப்பிட்டதும், சிந்திய பருக்கைக்கு மைனாக்கள் காத்திருந்ததும் கூட இருந்தன. யார் எழுதியிருந்தாலும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

"என்ன கேள்வி?" என்றார் அம்பிகைபாகன்.

"எந்த வரி எழுதக் கஷ்டமாயிருந்தது எண்டு கேக்கப் போறன். எழுதினவளுக்குப் பேனை எங்க நிண்டது எண்டு தெரியும் சேர். பார்த்து எழுதினவளுக்குப் பேனை நிக்கவே நிக்காது."

தலைமையாசிரியர் சிரித்தார். கேட்டுத்தான் பாருமேன் என்று விட்டுவிட்டார்.

முதலில் வந்த சந்திராதேவி தயங்கவே இல்லை. தொடக்கத்தில் வரும் பனி வர்ணனைதான் கஷ்டம், ஒரு மாலை முழுக்க யோசித்தேன் என்றாள். நியாயமான பதில். கனகரட்ணத்தின் நம்பிக்கையே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

அடுத்து ஜெயமணி வந்தாள். கட்டுரையின் நடுவில் விரல் வைத்தாள். அம்பிகைபாகன் எட்டிப் பார்த்து வாசித்தார்.

"'அம்மா மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து வயிறாரச் சாப்பிட்டாள்.' இதை மூண்டாம் வகுப்புப் பிள்ளையும் எழுதும். இதில என்ன கஷ்டம்?"

ஜெயமணி தலையைக் குனிந்தபடி காரணம் சொன்னாள். சொல்லி முடித்தபோது அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவரே சந்திராதேவியை மறுபடி கூப்பிட்டு அதே வரியைக் காட்டினார்.

"இதில ஏதும் பிழை தெரியுதோ?"

அவள் நிதானமாக வாசித்தாள். "ஒரு பிழையும் இல்லையே சேர்."

அவ்வளவுதான், தீர்ப்பு தலைகீழானது. கொஞ்ச நேரத்தில் சந்திராதேவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கனகரட்ணம் அவளை அடிக்கவில்லை. கிராணி வீட்டுக் காலையைச் சொந்தமாக எழுதிக்கொண்டு வா, அதை வேறு யாராலும் எழுத முடியாது என்றார். தலைமையாசிரியர் எழுந்து நின்று ஜெயமணியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாரும் காணாத காட்சி.

பரிசளிப்பு நாளன்று சங்க மண்டபம் நிறைந்திருந்தது. ஜெயமணி மேடையேறித் தன் கட்டுரையை நிமிர்ந்து நின்று வாசித்தாள். முதலில் கை தட்டியவள் சந்திராதேவி. அப்புறம் கூரை அதிர்ந்தது. வெளியே போக பாஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்த இருசம்மாளுக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. மகள் மேடையை விட்டு இறங்கியதும் காதோடு கேட்டாள்.

"ஏண்டி, கேட்டுல ஒரு பருக்கை வெளிய விடமாட்டான்லா. வெறும் வயித்தோடதான நான் வெட்டுக்குப் போறேன். சாப்பிட்டேன்னு ஏன் பொய் எழுதுன?"

தலைமையாசிரியர் அறையில் சொன்ன அதே பதிலைத்தான் ஜெயமணி அம்மாவுக்கும் சொன்னாள்.

"கட்டுரையிலயாச்சும் நீ சாப்பிடட்டும்னுதாம்மா."