போர்வை நுனி

மதிய வெயில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பாதிவரை வந்து நிற்கிறது. கணவரின் காலில் பட்டுவிடாமல் போர்வை நுனியை மனைவி தூக்கிப் பிடித்திருக்கிறாள். துணி உரசினாலே அவர் அலறிவிடுகிறார். “இப்படித் துடிக்கிறாரு, நீங்க நேத்துலேர்ந்து வலிக்குக் குடுக்குற மார்ஃபினைக் குறைச்சுக்கிட்டே போறீங்களே டாக்டர்?” “அளவு கூடிப்போனா சில பேருக்கு அந்த மருந்தே முதுகுத்தண்டுல வலியைக் கடத்துற ரசாயனங்களைக் கிளப்பி விட்டுடும்மா. அதான் துணி பட்டாலே வலிக்குது, மருந்தைக் குறைச்சா அடங்கும்.” அவள் தலையாட்டுகிறாள், ஒன்றும் புரியவில்லை. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே எரியுமா என்ன? டாக்டர் போனபின் மருந்து பம்ப் மட்டும் முனகுகிறது. மரத்துப்போன அவள் கையிலிருந்து போர்வை நழுவி அவர் பாதத்தில் விழுகிறது. கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அலறல் வரவில்லை. பதறிப்போய் அவர் மூக்கருகே விரலை வைக்கிறாள், மூச்சு சுடுகிறது. “என்னடி பாக்குற?” என்கிறார் அவர். அவள் போர்வையை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.