நாறும் புகைக்குழாய்

தோழர்களே, ஒரு கொடுமைக்குச் சாட்சியாக வாருங்கள்! மலேசியாவின் அலோர் ஸ்டாரில் பழம்பொருள் விற்கும் ஹேமநாதனின் கடைக்குள் என்னோடு நுழையுங்கள்.

தோட்டத் தொழிலாளி அழகேசனுக்குப் புகைக்குழாய்கள் சேர்ப்பதில் ஆசை. அவர் புகைப்பதில்லை, அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதோடு சரி.

"இது முப்பது வெள்ளிதான் அண்ணே, மூரா லா, ரொம்ப மலிவு! ஆனா உள்ள பழைய புகையிலை நாத்தம், போவாது" என்றார் ஹேமநாதன்.

அழகேசன் முகர்ந்து முகம் சுளித்தார். "ஐயோ, செத்த எலி தோத்துடும்! இத வீட்டுக்குக் கொண்டு போனா, இவ என்னையும் சேத்து வெளிய தூக்கிப் போட்டுடுவா."

அருகில் நின்ற மனைவி ஜெயமலர் அதை வாங்கி, மூச்சை ஆழ இழுத்தார். "ஒரு நாத்தமும் இல்லிங்க. ஆசப்பட்டத வாங்கிக்குங்க."

"புருசனுக்காக அக்கா எப்படிப் பொய் சொல்றாங்க பாருங்க!" என்று சிரித்தார் ஹேமநாதன்.

ஜெயமலர் சிரிக்கவில்லை. மறுபடியும் முகர்ந்தார். கண்கள் கலங்கின.

"நெசமாவே நாறுதா? எனக்கு எந்த வாசமும் தெரியறதில்லிங்க. தோட்டத்துல களைக்கு மருந்தடிக்கப் போனதுலேருந்து இப்படித்தான்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்வீங்க. புள்ளைங்க படிப்பு இருக்கே."

சோறு தீய்ந்த நாள்களிலெல்லாம் மனைவியைத் திட்டியது அழகேசனுக்கு நினைவு வந்தது.

முதுகில் சுமக்க நஞ்சுத் தொட்டி கொடுத்த நிர்வாகம், முகத்தில் கட்ட ஒரு கவசம் கொடுக்கவில்லை! தோழர்களே, பார்த்தது போதும். நாளைக் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உங்கள் தோட்டத்துப் பெண்களோடு போய் நில்லுங்கள். முகக்கவசம் வரும்வரை ஒரு தொட்டியும் எவர் முதுகிலும் ஏறக்கூடாது!