ஹாஜியாரின் நோன்பு

பதுளை பஜாரில் ஈமான் என்ற இறைநம்பிக்கைக்கு ஒரு முகம் உண்டென்றால் அது புடவைக்கடை ஷுக்ரி ஹாஜியாரின் முகம்தான். புற்றுநோய்க்குக் கொழும்பில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து வந்த பத்தாம் நாள், ரமழான் பகலில், தொங்கும் லுங்கிச் சாரங்களூடே விழும் வெயிலில் கடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். “இந்த நோய் வருத்தத்தோடயும் நோன்பு! எனக்குப் பீடி இல்லாமலே தலை சுத்துது, ஹாஜியார்” என்கிறார் கடைக்கு வந்த பாறூக் மாஸ்டர். ஹாஜியார் கண்களைத் தாழ்த்துகிறார். காது மடல் சிவக்கிறது. கஞ்சிக் கோப்பையோடு வந்த மனைவி பலீலா கடையின் உள்திரைக்குப் பின்னால் நின்று கெஞ்சுகிறாள்: “நோயாளிக்கு நோன்பு கடமையில்லைன்னு பள்ளிவாசல் லெப்பையே சொல்லிட்டார். இன்னும் மெலிஞ்சா அடுத்த கரண்ட் வைக்க மாட்டாங்களாம். ரெண்டு வாய் குடிங்க.” கஞ்சியின் ரம்பை இலை வாசம் வந்ததுமே அவருக்குக் குமட்டுகிறது. “நோன்பு வச்சிருக்கேன் புள்ள” என்கிறார், பாறூக் மாஸ்டருக்கும் கேட்கும்படி. குமட்டலை அடக்கக் காலையிலிருந்து அவர் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துச் சப்பிச் சாறு விழுங்கிக்கொண்டிருப்பது, உப்பில் தோய்த்த இஞ்சித் துண்டு.