ஜடை பின்னும் வரை

"இன்னாக்கா, இன்னும் தோளுக்கே வரலியே?" என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள் பாஞ்சாலை.

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் அவள் காதோரம் நீட்டிக்கொண்டிருந்த முடியை ஒதுக்கி ஹேர்பின் குத்தினாள். "நுனிய மட்டும் சமமா வெட்டிவுடறேன். லட்சணமா இருக்கும்."

"ஐயோ, வெட்டாதக்கா! இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போவும்."

"இப்படியே போய்ட்டு வாயேன். வாணாம்னா சொல்லப்போறாங்க?"

"கிராப்புத் தலையப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கினது இன்னும் மறக்கலக்கா. ஜடை போட்டுக்கினுதான் எதுர்ல போய் நிப்பேன்."

காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, சிக்குப் பிடித்ததென்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். வீடு திரும்பி ஒன்றரை வருடம் எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் ஜடை பின்னி, கனகாம்பரம் வைத்து, மலையிறங்கி, ஒடுகத்தூரில் தங்கை வடிவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தது நாலு வயதுச் சிறுமி. அன்று ஆஸ்பத்திரியில் அந்தக் கிராப்புத் தலையைக் கண்டு வீறிட்டு, வடிவின் தோளில் முகம் புதைத்துக்கொண்ட அதே குழந்தை, பாஞ்சாலையின் மகள். இப்போது பயப்படவில்லை. ஜடையையும் பூவையும் ஆசையாகப் பார்த்தாள்.

"அம்மா, யாரோ வந்துகிறாங்க!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

வடிவு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "யாரோ இல்ல கண்ணு. இவங்கதான் உன்னப் பெத்த அம்மா."

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வடிவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டது:

"அப்போ நீ யாரு?"