நீட்டிய கால்

துங்கலக் அக்காவின் கால் இன்றைக்கும் என் வழியில்தான் இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். மங்கோலியாவின் உலான்பாத்தரில் இன்னும் விடியவில்லை. கரிப்புகை தெருவிளக்குக்குக் கீழே நகராமல் நின்றது. நிற்பதற்கு இவ்வளவு இடம் கிடக்க, அவர் என்னை ஒட்டி வந்து நின்று பூட்ஸ் காலை என் பக்கமாக நீட்டி வைத்திருந்தார்.

நான் தள்ளி நின்றுகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கணவர் ஸோரிக் அண்ணனின் காரியம் முடிந்து அக்கா எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து இதே கதைதான். ஆசிரியர் அறையில் என் மேசைக்குப் போக ஒரே ஒரு சந்து. அதில் அவர் கால். சாப்பாட்டு வரிசையில் நின்றால் அங்கேயும் அவர் கால்.

எங்கள் பிலிப்பைன்ஸில் யார் காலையும் தாண்டிப் போக மாட்டோம். குனிந்து, ஒரு கையை முன்னால் நீட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஓரமாகப் போவோம். அப்படித்தான் போனேன். ஒருநாள் கொதிக்கிற தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகச் சுற்றியே போனேன். அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஒரு மனுஷி இன்னொருத்தியை இந்த அளவுக்கு வெறுக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

கோபப்பட அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நான் இங்கிலீஷ் டீச்சர். அவர் மகள் மிஷீல் என் வகுப்பு. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாள். இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டேன்.

அக்கா கத்தவில்லை. தன் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"லிகாயா, மூணு குளிர்காலம் உன்னப் பொத்திப் பொத்தி வச்சேன். என் பொண்ணுக்கு மூணு மார்க் போட உனக்கு மனசு வரல, இல்ல?"

அத்தோடு பேச்சு நின்றது. பூஜ்யத்தை நான் மாற்றவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன். ஆனால் அவர் சொன்னதும் பொய் இல்லையே. கழுத்துத்துணியை மூக்குக்கு மேலே கட்டி மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இரும்புக் கதவை வெறுங்கையால் தொடாதே என்றவர் அவர். வெளியில் நின்று அழாதே, இமை ஒட்டிக்கொள்ளும் என்றவரும் அவர்தான். உப்புப் போட்ட பால் தேநீரை ஒரே பிளாஸ்க்கில் கொண்டுவந்து இரண்டு பேரும் குடிப்போம். இப்போது அவர் பிளாஸ்க்கை அவர் மட்டும் திறக்கிறார்.

இதற்கு நடுவில்தான் ஸோரிக் அண்ணன் செத்துப்போனார். வடக்கே சரக்கு ஏற்றிப்போன அவருடைய லாரி உறைபனியில் வழுக்கிக் கவிழ்ந்துவிட்டது.

பள்ளிக்கூடமே போய்த் துக்கம் விசாரித்தது. நானும் அந்த வீட்டு வாசல்வரைக்கும் போனேன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

எனக்கு மார்க் விவகாரம் தீர வேண்டாம். அண்ணனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரமாட்டேன் என்றது.

என் காலில் இருந்த பூட்ஸ் அவர் வாங்கிக்கொடுத்தது. நான் வந்து இறங்கிய அன்றைக்கு என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து நேரே சந்தைக்கு வண்டியை விட்டார். உள்ளே ஆட்டு ரோமம் வைத்த ஜோடி. நான் போட்டுப் பார்க்கும்போது தவறி என் காலை மிதித்துவிட்டார். உடனே கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். நான் திருதிருவென்று விழித்தேன். கால் பட்டுவிட்டால் கை கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகையாகிவிடும் என்று அக்காதான் சிரித்துச் சிரித்து எனக்கு விளக்கினார்.

பிறகு எனக்கும் பழகிவிட்டது. நெரிசலில் முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கை கொடுத்திருக்கிறேன்.

அக்கா விஷயத்தில் மட்டும் நான் ரொம்ப ஜாக்கிரதை. ஏற்கெனவே இருக்கிற பகை போதாதா? அவர் காலில் என் கால் படாமல் நடப்பது ஒன்றுதான் நான் செய்யக்கூடிய மரியாதை என்று இருந்தேன்.

பேருந்தின் விளக்கு புகைக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. ஏறுவதற்காகத் திரும்பினேன். அடியில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. வழுக்கியது. விழாமல் ஊன்றிய கால் நேராக அக்காவின் காலில் போய் இறங்கியது. என் முழு பாரமும்.

போச்சு என்று நினைத்தேன்.

மிதித்தவள்தான் முதலில் கை நீட்ட வேண்டும், அதுவும் வெறுங்கை. பல்லால் கடித்து இழுத்தும் என் கையுறை கழன்று வரவில்லை. ஒருவழியாகக் கழற்றி நிமிர்ந்தபோது அவருடைய கை எனக்கு முன்னால் நீண்டிருந்தது.

பிடித்தேன். இரும்புக் கதவைத் தொட்ட மாதிரி இருந்தது. இப்போதுதான் கழற்றிய கை இப்படி இருக்காது. விரல்கள் மடங்கவே இல்லை. அவருடைய கையுறை கோட்டுப் பைக்குள் சுருண்டு கிடந்தது.

"அக்கா" என்றேன். இமை ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் அழுதேன். அவரும்தான்.

பேருந்து கதவைத் திறந்துவிட்டு நின்றது. அவர் கையை விடவில்லை.

"மிதிக்க உனக்கு இத்தனை நாளாடி?" என்றார்.